குடோன் ரோபோ வண்டிக்கு 5ஜி வேண்டுமா, வைஃபை போதுமா?

ஒரகடம்_ஐடி:
ஒரகடம் பக்கம் வாகன உதிரிபாக குடோனில் ஐடி பார்க்கிறேன். பேலட் தூக்கும் ரோபோ வண்டிகள் ஏழெட்டு ஓடுகின்றன. கடைசி ரேக் சந்தில் திரும்பும்போது மட்டும் வண்டி அப்படியே நின்றுவிடுகிறது, பின்னால் வருவதும் நிற்கும், யாராவது போய் ரீசெட் அழுத்த வேண்டும். வண்டி கொடுத்தவர்கள் வைஃபை வேகம் பத்தாது, குடோனுக்கென்றே தனி 5ஜி நெட்வொர்க் போடுங்கள் என்கிறார்கள். முதலாளி விலையைக் கேட்டுவிட்டு என்னை முறைக்கிறார். நிஜமாகவே தேவையா?

சிக்னல்_சித்தன்:
வேகமெல்லாம் ஒரு பிரச்சினையே இல்லை. வண்டி அனுப்புவது எங்கே நிற்கிறேன், அடுத்து எங்கே போகணும் என்கிற துளி டேட்டா. திரும்பும்போது ஒரு ஆக்சஸ் பாயின்டை (வைஃபை சிக்னல் தரும் பெட்டி) விட்டு இன்னொன்றைப் பிடிக்க வேண்டும், வைஃபையில் எப்போது மாறுவது என்று முடிவு செய்வது வண்டிதான், வண்டியில் இருக்கும் சில வைஃபை கார்டுகள் பழைய சிக்னல் செத்துப்போகும் வரை விடாது. அதற்குள் சர்வரிடம் பேச்சு அறுந்தால் பாதுகாப்புக்காக நின்றுவிடும். ஆக்சஸ் பாயின்டுகளை நிர்வகிக்கும் கன்ட்ரோலர், வண்டி இரண்டிலும் 802.11ஆர் (ஒரு ஆக்சஸ் பாயின்டிலிருந்து இன்னொன்றுக்குச் சட்டென்று மாற உதவும் வைஃபை வசதி) ஆனில் இருக்கிறதா பாருங்கள். அப்புறம், எங்கெங்கே சிக்னல் எட்டுகிறது என்று அளக்கும் சைட் சர்வே எப்போது எடுத்தது? ரேக் காலியாக இருந்தபோது எடுத்திருந்தால் இரும்புச் சாமான் நிரம்பிய பிறகு அது வெறும் காகிதம்.

நைட்ஷிஃப்ட்:
சரிதான், ஆனால் 5ஜியை ஒரேயடியாகத் தள்ளாதீர்கள், அதில் எப்போது மாறுவது என்பதை நெட்வொர்க்கே பார்த்துக்கொள்ளும். இங்கிலாந்தில் ஆண்டோவரில் ஒக்காடோ என்ற ஆன்லைன் மளிகைக் கம்பெனியின் கிடங்கில் சுமார் 1,000 ரோபோக்களிடம் நொடிக்கு 10 முறை பேசும்படி அமைத்தார்கள், அதுகூட 5ஜி இல்லை, 4ஜி தொழில்நுட்பத்தை உரிமம் தேவைப்படாத 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் ஓட்டினார்கள். (2019-ல் தீப்பிடித்தது அதே கிடங்குதான், காரணம் பேட்டரி சார்ஜ் செய்யும் யூனிட்டில் மின்கோளாறு, நெட்வொர்க் மேல் பழி போடாதீர்கள்.) ஏழெட்டு வண்டிக்கு அந்த அளவு எதற்கு?

ஸ்பெக்ட்ரம்_மாமா:
ஜெர்மனியில் தனி 5ஜிக்கான 3.7–3.8 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையை ஆலைகளே நேரடியாக வாங்கிக்கொள்ளலாம். இங்கே 2022-ல் தனி நெட்வொர்க்குக்கு வழிகாட்டுதல் வந்தது, ஆனாலும் டெலிகாம் கம்பெனி வழியாகப் போவதுதான் நடைமுறை. உங்கள் கையடக்க ஸ்கேனர்களில் வைஃபை மட்டும்தானே இருக்கும்? 5ஜி போட்டாலும் வைஃபையைக் கழற்ற முடியாது, இரண்டையும் கட்டி மேய்க்கணும்.

ஒரகடம்_ஐடி:
பார்த்தேன். 802.11ஆர் கன்ட்ரோலரில் ஆன், வண்டிகளில் ஆஃப்! ஆன் செய்ததிலிருந்து அந்தச் சந்தில் நிற்கவில்லை. லோடிங் டாக் ஷட்டர் பக்கம் இன்னும் எப்போதாவது நிற்கிறது, அங்கே புதிதாக சர்வே எடுக்கச் சொல்லியிருக்கிறேன். 5ஜி கொட்டேஷன் இப்போதைக்கு டிராயரில்.