டப்ளின் படைவீரர் ஒருவரின் பிற்காலத்தைத் தேட உதவி வேண்டும்

டப்ளினில் வசிக்கிறேன். அண்டை வீட்டு மூதாட்டியின் தாத்தா பிரிட்டிஷ் ராணுவத்தின் ஐரிஷ் ரெஜிமென்டான ராயல் டப்ளின் ஃபியூசிலியர்ஸின் முதல் பட்டாலியன் வீரர். (அந்தப் பட்டாலியனின் வேர் கிழக்கிந்தியக் கம்பெனியின் மதராஸ் படையில் இருக்கிறது.) பரணில் கிடைத்த, முதல் உலகப் போருக்கான 1914-15 நட்சத்திரப் பதக்கத்தின் பின்புறம் பெயரும் படையெண்ணும் தெளிவாக உள்ளன. அயர்லாந்து விடுதலை பெற்ற பின் பிரிட்டிஷ் சீருடை அணிந்தவர் என்பது பேசக்கூடாத விஷயமானதால், வீட்டில் அவரைப் பற்றி யாரும் வாய் திறந்ததில்லையாம். பாட்டிக்கு வயது 91. அவர் இருக்கும்போதே பதில் தெரிந்தாக வேண்டும்.

தேடியவை: பதக்க அட்டை (யாருக்கு என்ன பதக்கம் என்ற ராணுவப் பதிவு) கிடைத்தது; அதில் அவர் போர்க்களம் சென்ற நாள் 1915 ஏப்ரல் 25, அதாவது துருக்கியின் கலிப்பொலியில் படைகள் தரையிறங்கிய நாள். பணிக்கோப்பு இல்லை, 1940 செப்டம்பர் குண்டுவீச்சில் லண்டனில் எரிந்தவற்றுள் அதுவும் போயிருக்க வேண்டும். அயர்லாந்தின் நினைவுப் பதிவேட்டில் பயனில்லை. அது இறந்தவர்களுக்கானது, இவரோ உயிரோடு திரும்பியவர். 1911 கணக்கெடுப்பில் குடும்பம் இருக்கிறது. ரெஜிமென்ட் 1922இல் கலைக்கப்பட்டது; அதன்பின் தடயமே இல்லை.

ஒரே ஒரு துப்பு: முன்னாள் வீரர்களுக்காகக் டப்ளினில் கட்டப்பட்ட கில்லெஸ்டர் குடியிருப்பில் அவர் வாழ்ந்ததாகப் பாட்டிக்கு மங்கலான நினைவு.

அந்த வீடுகளின் 1920களின் குடியிருப்பாளர் பதிவேடுகளை எந்த ஆவணக்காப்பகத்தில், எப்படிக் கேட்டுப் பெறுவது?