அஞ்சு வயசு பையனுக்கு தையல்சிட்டை எப்படி காட்டுறது?

எலுமிச்சை வீடு:
எல்லாருக்கும் வணக்கம். திருச்சில வாடகை வீடு, பின்னாடி ஒரு எலுமிச்சை, ரெண்டு செம்பருத்தி, அவ்ளோதான் தோட்டம். ஒரு வாரமா விடிஞ்சதும் ஒரு குருவி விடாம கத்துது, டுவீ டுவீ டுவீன்னு, உள்ளங்கைக்குள்ள அடங்குற உடம்புல இருந்து அவ்ளோ சத்தம். முதுகு பச்சை, நெத்தில செங்கல் கலர், வாலை தூக்கி நட்டு வச்சிருக்கு. பக்கத்து வீட்டு தாத்தா தையல்சிட்டுன்னு சொன்னார். பையனுக்கு காட்டணும்னு ரொம்ப ஆசை, ஆனா நான் கைய நீட்டுறதுக்குள்ள இலைக்குள்ள பூந்துடுது, அவன் எங்கம்மா எங்கம்மான்னு கேட்டு சலிச்சு உள்ள போயிடறான். பைனாகுலர் வாங்கணுமா?

ரிட்டயர்ட் வாத்தியார்:
வேண்டாம்மா. அந்த வயசுல அதை கண்ணுல ஒட்டி வச்சு ஃபோகஸ் பண்ண வராது, இதுவோ ஒரு இடத்துல நிக்காத குருவி. காதுல ஆரம்பிங்க. கண்ணை மூடிட்டு சத்தம் எந்தப் பக்கம் வருதுன்னு அவனையே கை காட்டச் சொல்லுங்க, நாலு நாள் அது போதும். அப்புறம் ஒரே ஒரு வேலை குடுங்க: கத்தும்போது கழுத்து ரெண்டு பக்கமும் கருப்பா ஒரு திட்டு தெரியும், கத்தி முடிச்சதும் மறைஞ்சிரும், அதை கண்டுபிடிக்கச் சொல்லுங்க. கூடு கட்டுற சீசன்ல ஆணுக்கு வால்ல நடு இறகு ரெண்டும் நீளமா வளரும், ஆண் பெண் வித்தியாசத்தையும் அவனே பிடிச்சிருவான்.

ரெண்டு பசங்க அம்மா:
சிஸ்டர், கூடு பாத்தா தயவுசெஞ்சு கிட்ட போகாதீங்க. எங்க வீட்ல கத்தரிச்செடில கட்டியிருந்துச்சு, பொண்ணுக்கு காட்டணும்னு நான் இலைய விலக்கி மொபைல்ல போட்டோ எடுத்தேன், ரெண்டு நாள்ல தாய்க்குருவி வர்றதையே நிறுத்திடுச்சு, உள்ள மூணு முட்டை. இன்னும் மனசு ஆறல. அடுத்த வருஷம் ஜன்னல்ல இருந்து மட்டும்தான் பாத்தோம், குஞ்செல்லாம் பறந்து போயி ரொம்ப நாள் கழிச்சுதான் அந்த இலைய கிள்ளி அவ கைல குடுத்தேன். இலை ஓரத்துல ஊசி குத்தின மாதிரி சின்னச் சின்ன ஓட்டை, ஒவ்வொன்னுலயும் பஞ்சும் சிலந்தி நூலும், வெளிப்பக்கம் நுனி பிசிறு பிசிறா உப்பி நிக்குது, அந்த உப்பலே முடிச்சு மாதிரி பிடிச்சுக்குது. அலகாலயா தைச்சுச்சுன்னு கேட்டுட்டு அவ ஒவ்வொரு ஓட்டையா விரல் வச்சு எண்ணினா. இலைய செடில இருந்து பறிக்காம தைக்கிறதால கூடு பச்சையாவே இருக்கும், அதான் நம்ம கண்ணுக்கு சிக்கறதில்ல.

மொட்டைமாடி விவசாயி:
ஒன்னு சேத்துக்குறேன். அரிசி கம்பு வச்சு கூப்பிடலாம்னு நினைப்போம், இதுக்கு வேண்டியது புழு பூச்சிதான். செடிக்கு மருந்து அடிக்காதீங்க, அது போதும், தானா வரும். இலைக்கு அடிப்பக்கம் அது எப்படி தேடுதுன்னு பையன பாக்கச் சொல்லுங்க. ஜனவரில பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு நடக்கும், 15 நிமிஷம் ஒரே இடத்துல நின்னு எண்ணி இபேர்ட்ல (eBird, பாத்த பறவைகளை பதிவு பண்ற இணையதளம்) ஏத்தினா போதும், வீட்டு வாசல்லயே பண்ணலாம்.

எலுமிச்சை வீடு:
எல்லாருக்கும் ரொம்ப நன்றி. ஐயா சொன்ன மாதிரியே செஞ்சோம், அஞ்சாவது நாள் பல்லு கூட விளக்காம ஓடி வந்து "கழுத்துல கருப்பு வந்துச்சும்மா, போயிருச்சும்மா"ன்னு நடிச்சே காட்டிட்டான். செம்பருத்தில ரெண்டு இலை ஒட்டின மாதிரி இருக்கு, என்னன்னு தெரியல, துணி காயப்போடற கொடிய வாசல் பக்கம் மாத்திட்டோம்.