பொருள்: மவுன்ட், அன்மவுன்ட் இரண்டுக்கும் 'அமர்த்து', 'விடுவி'

குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

லினக்ஸ் இயங்குதளத்தின் தமிழாக்கத்தில் மவுன்ட் (பென் டிரைவ் போன்ற சாதனத்தைக் கணினி பயன்பாட்டுக்கு இணைத்துக்கொள்வது), அன்மவுன்ட் (எழுத வேண்டியதை எழுதி முடித்து அந்த இணைப்பை நீக்குவது) ஆகியவற்றுக்கு இந்த இழையில் இதுவரை வந்துள்ள 'ஏற்று, இறக்கு', 'பொருத்து, கழற்று', 'பூட்டு, அவிழ்' ஆகிய மூன்று இணைகளையும், வீட்டில் லினக்ஸ் பயன்படுத்தும் ஒருவருடைய இடத்திலிருந்து பார்த்து என் கருத்தைச் சற்று விரிவாக எழுதுகிறேன். நிரலருக்கு எந்தச் சொல்லும் பழகிவிடும். கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் முனையத்தில் அவர் எப்படியும் ஆங்கிலக் கட்டளையைத்தான் தட்டப்போகிறார். உபுண்டு, லினக்ஸ் மின்ட் போன்ற லினக்ஸ் வகை ஒன்றைப் பிள்ளைகள் நிறுவிக் கொடுக்க, அதில் கடிதம் தட்டச்சு செய்து, படம் பார்த்து, மின்கட்டணம் செலுத்தும் ஒருவருக்கு இந்தச் சொல் கண்ணில் படுவது ஏறக்குறைய ஒரே ஒரு தருணத்தில்தான்: பென் டிரைவை எடுக்கப்போகும்போது. செருகியதும் மவுன்ட் தானாகவே நடந்துவிடுவதால் அந்தச் சொல்லை அவர் பார்ப்பதே இல்லை. ஆகவே இணையில் இரண்டாவது சொல்லை முதலில் முடிவு செய்துவிட்டு, அதற்கேற்ப முதற்சொல்லைத் தேடுவதே சரி என்று கருதுகிறேன்.

அந்தத் தருணத்தில் உண்மையில் நடப்பது என்ன? உறவினருக்குக் கொடுப்பதற்காக ஒருவர் மூன்று ஜிபி அளவுள்ள திருமண வீடியோவைப் பென் டிரைவில் நகலெடுக்கிறார். முன்னேற்றப் பட்டை விறுவிறுவென ஓடி முடிந்துவிடுகிறது. அவரும் டிரைவைப் பிடுங்கித் தொலைக்காட்சியில் செருகுகிறார். கோப்பின் பெயர் தெரிகிறது, படம் மட்டும் தாலி கட்டுவதற்கு முன்பே நின்றுவிடுகிறது. எழுத வேண்டிய தரவை, இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னல் முதலில் நினைவகத்தில் வாங்கி வைத்துக்கொண்டு, சாதனத்தின் வேகத்திற்கேற்பப் பின்னணியில் எழுதிக்கொண்டிருப்பதே இதற்குக் காரணம். வழக்கமான அமைப்பில் எழுதப்படாத தரவு 30 நொடிகள் வரை நினைவகத்திலேயே காத்திருக்கலாம். மலிவான பென் டிரைவில் எழுதத் தொடங்கிய பிறகும் முடிவதற்குப் பல நிமிடங்கள் ஆகலாம். நினைவகம் பெரிதாக இருந்தால் பட்டை இன்னும் விரைவாக முடிந்து, இன்னும் நன்றாக ஏமாற்றும்.

விண்டோஸிலிருந்து வருபவருக்கு இந்த ஆபத்து கூடுதல். 2018இல் வந்த விண்டோஸ் 10இன் 1809 பதிப்பிலிருந்து, வெளிச் சாதனங்களுக்கு 'விரைவாக எடுத்தல்' என்பதே இயல்பான அமைப்பு; எழுதி முடிந்திருந்தால் அறிவிக்காமல் பிடுங்கினாலும் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. அந்தப் பழக்கத்தோடு லினக்ஸுக்கு வருபவரைத் தடுத்து நிறுத்த நம்மிடம் இருப்பது கோப்பு மேலாளரின் பக்கப்பட்டையில் உள்ள சிறு முக்கோணக் குறியும் அதன்மேல் தோன்றும் ஒரு சொல்லும் மட்டுமே.

இனி முன்மொழிவுகளுக்கு வருகிறேன்.

> 'ஏற்று, இறக்கு' ஏற்கெனவே பழக்கத்தில் உள்ளது. மாற்றத் தேவையில்லை.

பழக்கத்தில் இருப்பதுதான் சிக்கல். ஏற்றுமதி, இறக்குமதி, பதிவேற்றம், பதிவிறக்கம் ஆகிய நான்கும் அதே இரண்டு வினைகளிலிருந்து வந்து, அதே திரையில் உட்கார்ந்திருக்கின்றன; பக்கம் 'ஏற்றப்படுகிறது' என்று உலாவி வேறு சொல்கிறது. பென் டிரைவின் மீது 'இறக்கு' என்று கண்டால், அதிலுள்ளவற்றைக் கணினியில் இறக்கிக்கொள்வது என்று புரிந்துகொள்பவரைக் குறைசொல்ல முடியாது.

'பூட்டு, அவிழ்' காதுக்கு இனிமையான இணை. ஏர் பூட்டிய, வண்டி பூட்டிய மொழிக்கு மிகவும் சொந்தமானது. ஆனால் திரையைப் பூட்டுவதும், மறைகுறியாக்கிய வட்டைக் கடவுச்சொல் கொடுத்துத் திறப்பதும் அதே கணினியில் உள்ளன. கடவுச்சொல்லால் பூட்டைத் திறந்த பிறகுதான் அந்த வட்டை மவுன்ட் செய்யவே முடியும் என்பதால், 'பூட்டைத் திறந்து பூட்டு' என்று எழுத நேரிடும். அத்துடன் அதை விட்டுவிடலாம்.

மூன்றில் வலுவானது 'பொருத்து, கழற்று'. எளிய சொற்கள், யாருக்கும் விளக்கத் தேவையில்லை. என் மறுப்பும் அந்த எளிமையின் மீதுதான். கழற்றுவது கை செய்யும் வேலை. அன்மவுன்ட் கணினி செய்யும் வேலை, அது முடிந்த பின்னரே கைக்கு வேலை. பொத்தானில் 'கழற்று' என்று எழுதினால் அது பயனருக்கு இடும் ஆணையாகவே படிக்கப்படும். அவர் பொத்தானை அழுத்தாமல் டிரைவைக் கழற்றுவார். ஆங்கிலச் சொல்லும் கைவேலையிலிருந்து பிறந்ததுதான். நாடாச் சுருளையும் வட்டையும் கணினியை இயக்குபவர் தூக்கி இயந்திரத்தில் மாட்டிய காலத்துச் சொல் அது. லினக்ஸுக்கு முன்னோடியான யுனிக்ஸ் இயங்குதளத்தின், 1971 நவம்பரில் வந்த முதற்பதிப்புக் கையேட்டிலேயே இரண்டு கட்டளைகளும் உள்ளன. அன்று கையும் கட்டளையும் பயிற்சி பெற்ற ஒரே ஆளிடம் இருந்தன. இன்று வீட்டில் கையை மட்டுமே நாம் நம்ப வேண்டியிருப்பதால், கையின் சொற்களான செருகு, கழற்று, பிடுங்கு ஆகியவற்றைக் கைக்கே விட்டுவிட்டு, கணினியின் வேலைக்கு வேறு சொல் வைப்பது நல்லது.

ஆகவே நான் முன்மொழிவது 'அமர்த்து, விடுவி'. பணியில் அமர்த்துவதும் பணியிலிருந்து விடுவிப்பதும் தமிழ்நாட்டில் அரசு அலுவலகம் பார்த்த எவருக்கும் தெரிந்த சொற்கள். மாறுதல் ஆணை கிடைத்த ஊழியர் அன்றே பையைத் தூக்கிக்கொண்டு போய்விட முடியாது. கையிலிருக்கும் கோப்புகளை முடித்துப் பொறுப்பை ஒப்படைத்த பிறகே விடுவிக்கப்படுவார். அன்மவுன்ட் செய்வதும் இதையேதான். பொத்தானில் 'விடுவி' என்றும், எழுதி முடியும்வரை 'தரவு எழுதப்படுகிறது. கழற்ற வேண்டாம்' என்றும், முடிந்ததும் 'விடுவிக்கப்பட்டது. இனிக் கழற்றலாம்' என்றும் காட்டினால், கணினியின் வேலை எங்கே முடிந்து கையின் வேலை எங்கே தொடங்குகிறது என்பது அந்த வரியிலேயே தெரிந்துவிடும்.

ஒரே கணினியில் விண்டோஸும் லினக்ஸும் உள்ள வீடுகளில் வரும் இன்னொரு குழப்பத்துக்கும் இச்சொல் உதவும். 2012இல் வந்த விண்டோஸ் 8 முதல், 'ஷட் டவுன்' கொடுத்தாலும் விரைவுத் தொடக்க வசதியின் காரணமாக விண்டோஸ் முழுமையாக நிற்பதில்லை. தன் வட்டுப் பகுதியை விடுவிக்காமலேயே உறங்கிவிடுகிறது. பிறகு லினக்ஸில் நுழைந்து அப்பகுதியைத் திறந்தால் படிக்க மட்டுமே முடியும், சில வேளைகளில் அதுவும் முடியாது. 'விண்டோஸ் இந்த வட்டை இன்னும் விடுவிக்கவில்லை. அங்கே சென்று ரீஸ்டார்ட் கொடுத்து வரவும்' என்று எழுதினால், தொழில்நுட்பம் அறியாதவரும் அதைச் செய்துவிட்டு வருவார்.

மறுமொழி 1

ஐயா, வணக்கம். 'விடுவி' என்பதில் எனக்கு மறுப்பே இல்லை. 'அமர்த்து' குறித்துத்தான் தயக்கம். செஷன் (புகுபதிவு செய்தது முதல் வெளியேறும் வரையிலான பயன்பாடு) என்பதற்கு 'அமர்வு' என்ற சொல் நிலைத்துவிட்டது; புகுபதிவுத் திரையிலேயே அது இருக்கிறது. மவுன்ட் பாயின்ட் (மவுன்ட் செய்த சாதனத்தின் உள்ளடக்கம் தெரியும் கோப்புறை) என்பதற்கு 'அமர்விடம்' என்று யாராவது எழுதிவிட்டால் இரண்டும் கலந்துவிடாதா? மேலும் டிரைவ் பயன்பாட்டில் இருக்கும்போது வரும் பிழைச்செய்தியையும் கவனிக்க வேண்டும். 'சாதனம் பணியில் உள்ளது' என்றால், என்ன செய்வது என்று வீட்டிலிருப்பவருக்குத் தெரியாது.

மறுமொழி 2

அமர்வு பற்றிய எச்சரிக்கை நியாயமானது. 'அமர்வு' தன்வினையிலிருந்து வந்த பெயர். நமக்கு வேண்டியது பிறவினை. ஆகவே பெயராக வரும் இடங்களில் 'அமர்த்தல்' என்றும், மவுன்ட் பாயின்ட்டுக்கு 'அமர்த்துமிடம்' என்றும் எழுதி, 'அமர்விடம்' கூடாது என்று சொல்லடைவிலேயே குறித்துவிடலாம். சற்று நீளம்தான், ஆனால் அது நிரலர் பார்க்கும் ஆவணங்களில் மட்டுமே வரும்.

பிழைச்செய்தியில் சாதனத்தைப் பற்றிப் பேசாமல், திறந்திருக்கும் கோப்பைப் பற்றியே பேசலாம். லிப்ரெஆபீஸில் கடிதமோ விஎல்சியில் பாட்டோ அந்த டிரைவிலிருந்து திறந்திருப்பதுதான் பெரும்பாலும் காரணம். 'இந்த டிரைவிலுள்ள ஒரு கோப்பு இன்னும் திறந்திருக்கிறது. அதை மூடிவிட்டு மீண்டும் விடுவிக்கவும்' என்ற வரியை முன்மொழிகிறேன். முனையக் கட்டளைகளின் உதவிப் பக்கங்களை இப்போதைக்குத் தொடாமல், கோப்பு மேலாளரில் வரும் இந்த நான்கைந்து சரங்களை (திரையில் தோன்றும் சொற்றொடர்களை) மட்டும் முதலில் மாற்றுவதற்கு மறுப்பு உள்ளவர்கள் இவ்விழையிலேயே தெரிவிக்க வேண்டுகிறேன்.