ஸ்டோன்ஹெஞ்ச் சூரியோதய சடங்குக்கு கூப்பிட்டிருக்காங்க, போனவங்க யாராவது இருக்கீங்களா?

ரெடிங்_மலர்:
எல்லாருக்கும் வணக்கம். நான் இங்கிலாந்து வந்து மூணு வருஷம் ஆகுது. என்கூட வேலை பாக்குறவங்க ஒருத்தங்க பேகன், அதாவது கிறிஸ்தவத்துக்கு முந்தின இயற்கை வழிபாட்ட இப்போ திரும்ப பண்றவங்க, அதுல ட்ரூயிட்ங்கற வழில இருக்காங்க. வருஷத்துலயே நீளமான பகல் வர்ற ஜூன் 21 விடியகாலைல, ஸ்டோன்ஹெஞ்ச்னு பெரிய கல்லுங்கள வட்டமா நிறுத்தின அந்த பழைய இடத்துல சூரியன வரவேத்து சடங்கு பண்ணுவோம், நீயும் வான்னு கூப்பிட்டாங்க. எனக்கு ரொம்ப ஆசையா இருக்கு, ஆனா அவங்க மனசார பண்ற விஷயத்துல நான் போய் வேடிக்கை பாக்குற மாதிரி நிக்கக்கூடாது. அங்க என்ன தான் பண்ணுவாங்க? வெளி ஆள் கலந்துக்கலாமா? நம்ம வீட்ல பொங்கலுக்கு வாசல்ல நின்னு சூரியன கும்பிடுற மாதிரின்னு நெனச்சுக்கலாமா?

சாலிஸ்பரிக்காரன்:
தாராளமா போங்க சகோதரி. நான் அஞ்சு தடவ போயிருக்கேன். அன்னிக்கு உள்ள போக டிக்கெட் கிடையாது, கார் நிறுத்த மட்டும் காசு, கார் இல்லன்னா சாலிஸ்பரி ஸ்டேஷன்ல இருந்து பஸ் விடுவாங்க. மத்த நாள்ல கயிறுக்கு வெளிய நின்னு பாக்குற கல்லுக்கு பக்கத்துலயே அன்னிக்கு ராத்திரி நிக்கலாம், ஆனா மேல ஏறக்கூடாது, மது, கண்ணாடி பாட்டில், நெருப்பு எதுவும் கூடாது. ஜூன் மாசம்னு நம்பி மெல்லிசா ஸ்வெட்டர் போட்டுட்டு போயிடாதீங்க, புல்லெல்லாம் பனில நனைஞ்சு மூணு மணி வாக்குல ஷூக்குள்ள ஈரம் ஏறி கால் விறைச்சிடும்.

சடங்கு குழுவுக்கு குழு மாறும். நான் நின்ன குழுவுல வட்டமா நின்னு முதல்ல நாலு திசையும் பாத்து அமைதி வேண்டுவாங்க, அப்புறம் கிழக்க காத்துக்கு, தெற்க நெருப்புக்கு, மேற்க தண்ணிக்கு, வடக்க மண்ணுக்குன்னு சொல்லி ஒவ்வொன்னையா அழைப்பாங்க, அப்புறம் எல்லாரும் சேர்ந்து 'ஆவென்'னு மூணு தடவ நீட்டி ஓதுவாங்க, வெல்ஷ் மொழி வார்த்தை அது, கவிஞனுக்கு உள்ள ஊறுற அருள்னு வெச்சுக்கலாம். சூரியன் 4.50 தாண்டி வடகிழக்குல வரும். நடுவுல நின்னு பாத்தா ஹீல் ஸ்டோன்னு தனியா நிக்கிற கல்லுக்கு கொஞ்சம் இடது பக்கம் எழும். அப்போ கொம்பு ஊதுவாங்க பாருங்க, உடம்பு சிலிர்த்துடும். கடைசில ரொட்டி பிட்டு பங்கு போட்டு, குடிக்கிறதுல கொஞ்சம் மண்ணுக்கு ஊத்துவாங்க. கைய பிடிக்க சொன்னா பிடிங்க, ஓத மனசு வரலன்னா சும்மா நில்லுங்க, யாரும் தப்பா நெனைக்க மாட்டாங்க.

கல்லும்_காலமும்:
ஒரு விஷயம் சொல்லணும். 'அஞ்சாயிரம் வருஷ ட்ரூயிட் சடங்கு'ன்னு நெட்ல நெறைய பேர் எழுதுறாங்க, அது சரியில்ல. பெரிய கல்லுங்கள நிறுத்தினது கிமு 2500 வாக்குல, ட்ரூயிட்னு இருந்த பழங்கால பூசாரிகள பத்தி ரோமர்கள் எழுதினது அதுக்கு ரெண்டாயிரம் வருஷத்துக்கு மேல கழிச்சு. ரெண்டையும் சேத்து வெச்சது 17, 18ம் நூற்றாண்டுல பழமைய ஆராய்ஞ்ச ஆளுங்க, ஜான் ஆப்ரி, வில்லியம் ஸ்டூக்லி. இன்னிக்கு பண்ற சடங்கு புதுசு. ஆனா புதுசுங்கறதால பொய்ன்னு நான் சொல்லமாட்டேன், கல்ல நட்டவங்க சூரியன பாத்து தான் நட்டாங்க, அதுல சந்தேகமே இல்ல. அதே கோட்டுல திரும்பி நின்னா டிசம்பர்ல ரொம்ப சின்ன பகல் வர்ற அன்னிக்கு சூரியன் மறையற இடம். பக்கத்துல டரிங்டன் வால்ஸ்னு அந்த காலத்து குடியிருப்பு இருந்த இடத்துல கிடைச்ச பன்னி எலும்ப வெச்சு பாத்தா குளிர்காலத்துல தான் பெரிய விருந்து நடந்திருக்கும்னு ஆய்வாளருங்க சொல்றாங்க.

இன்னொன்னு. 1985 ஜூன் 1ம் தேதி அங்க போயிட்டிருந்த வண்டிங்கள போலீஸ் மறிச்சு அடிச்சு நூத்துக்கணக்கான பேர கைது பண்ணாங்க, அதுக்கப்புறம் 2000ல தான் மறுபடி எல்லாருக்கும் திறந்து விட்டாங்க. அந்த வட்டத்துல நரைச்ச தலையோட நிக்கிறவங்கள்ல சில பேர் அதுக்காக வருஷக்கணக்கா போராடினவங்க. அவங்ககிட்ட பேசி பாருங்க.

ஏவ்பரி_அம்மா:
கூட்டம் பயமா இருந்தா அடுத்த வருஷம் ஏவ்பரி வா மா. அதுவும் வில்ட்ஷயர்ல தான், கல் வட்டத்துக்குள்ளயே ஊர் இருக்கு, வருஷம் பூரா கல்ல தொடலாம். சடங்கு நடக்கும்போது மட்டும் போன உள்ள வெச்சிடு, அவங்க முகத்த கேக்காம படம் எடுக்காத. எல்லா மதத்துக்கும் அந்த மரியாதை உண்டு தானே.

ரெடிங்_மலர்:
போயிட்டு வந்துட்டேன்! வானம் பூரா மேகம், சூரியன் கண்ணுக்கே தெரியல. எனக்கு அழுகையே வந்துடுச்சு. ஆனா நேரம் வந்ததும் கொம்பு ஊதினாங்க, ஆயிரக்கணக்கான பேர் ஒரே பக்கம் திரும்பி அந்த சாம்பல் வானத்த பாத்து கைய தூக்கினாங்க. நான் என்னையும் அறியாம கும்பிட்டு நின்னேன், என் பக்கத்துல இருந்த தாத்தா அத பாத்துட்டு அவரும் கைய கூப்பினாரு. சாலிஸ்பரி அண்ணா, ரெண்டு சாக்ஸ் போட்டும் கால் நனைஞ்சிடுச்சு. டிசம்பர்லயும் வர்றியான்னு கேட்டாங்க, வர்றேன்னு சொல்லிட்டேன்.