சிகரெட் ஆசை வந்தால் கணக்கு ஏன் பிழைக்குது?

லெட்ஜர்: கொழும்பில் அடுத்த மாதம் கணக்கியல் சோதனை, 3 மணித்தியாலம். இடையில் வெளியே போக ஏலாது. இப்பவே சிகரெட்டை விட்டால் மண்டை ஓடாமல் போகுமா?

வெள்ளவத்தை: இரத்தத்தில் நிக்கோட்டின் பாதியாகக் குறைய ஏறத்தாழ 2 மணித்தியாலம்தான். பிறகு ஆசை தலைதூக்கும். ஒரு எண்ணை மனதில் பிடித்துக்கொண்டு அடுத்ததைக் கூட்டுகிற இடத்தையே அது அடைச்சுக்கொள்ளும். கைப்பழக்கமான வேலை ஓடும், பல படிக் கணக்குத்தான் சறுக்கும். "ஒன்று இழுத்தால் தெளியுது" என்பது பெரும்பாலும் இழந்ததைத் திருப்பி எடுப்பதே. விட்ட முதல் 2, 3 நாள் மோசம், 2 முதல் 4 கிழமையில் அடங்கும். அதால் இன்றைக்கே விடுங்கோ. சோதனைக் கிழமையில் மட்டும் வேண்டாம்.

மருந்துக்கடை: நிக்கோட்டின் சூயிங்கம் உதவும். எழும்பி 30 நிமிடத்துக்குள் முதல் சிகரெட் என்றால் 4 மில்லிகிராம், இல்லாட்டி 2. காரம் தெரியும்வரை மென்று, கன்னத்துக்குள் ஒதுக்கி, காரம் போனதும் திரும்ப மெல்லணும். சும்மா மென்று விழுங்கினால் விக்கலும் வயிற்றெரிச்சலும்தான். கோப்பி, தோடம்பழச் சாறு குடித்து 15 நிமிடத்துக்கு வாயில் போடாதேங்கோ, உறிஞ்சாது.

வெள்ளவத்தை: கோப்பியையும் பாதியாக்குங்கோ. சிகரெட் புகை, கோப்பியில் இருக்கிற கஃபீனை உடம்பிலிருந்து வேகமாகக் கழிக்கும். விட்டதும், அதே அளவு கோப்பி குடித்தாலும் கஃபீன் உடம்பில் கூடும். கை நடுங்கும், நித்திரை போகும். சனம் அதையும் சிகரெட் ஆசை என்று நினைச்சு பெட்டிக்கடைக்கு ஓடும்.