ஹனோயில் நகல் ஓவியம் வாங்கலாமா, கூடாதா?

கயல்_கோவை
அடுத்த மாதம் வீட்டுக்காரரோடு வியட்நாம் போகிறேன். ஹனோயில் நுண்கலை அருங்காட்சியகம் இருக்கும் நுயென் தாய் ஹொக் தெருவில் நகல் ஓவியக் கடைகள் நிறைய இருப்பதாகப் போய்வந்த தோழி சொன்னாள். வான்கோவின் 'விண்மீன் இரவு' ஒன்று, அந்த ஊர் ஓவியர் புய் சுவான் ஃபாய் வரைந்த பழைய தெரு ஓவியத்தின் நகல் ஒன்று, இரண்டையும் கையால் வரைந்ததாக வாங்கி ஹாலில் மாட்ட ஆசை. என் நாத்தனார், "நகல் வாங்குவது திருட்டுக்குத் துணை போவது" என்கிறார். வாங்கலாமா? வாங்கினால் கெடாமல் எப்படிக் கொண்டுவருவது?

தூரிகை_நெல்லை
உங்கள் நாத்தனார் பக்கம்தான் நான். அதுவும் ஹனோயில் வேண்டவே வேண்டாம்.

ஃபாய் யார் என்று தெரிந்துகொண்டு முடிவு செய்யுங்கள். 1920இல் பிறந்து 1988இல் மறைந்தவர். பழைய நகரத்தின் சாய்ந்த கூரைகளையும் காரை உதிர்ந்த சுவர்களையும் வாழ்நாள் முழுக்க வரைந்தார். 1950களின் இறுதியில், எழுத்தாளருக்கும் கலைஞருக்கும் சுதந்திரம் கேட்ட இயக்கத்தின் பக்கம் நின்றதால் ஆசிரியர் வேலை போயிற்று. கான்வாஸ் வாங்க வழியில்லாமல் செய்தித்தாளில், அட்டையில், தீப்பெட்டியில்கூட வரைந்தார். காபிக் கடை பாக்கிக்கு ஓவியம் கொடுத்தார். அவருடைய முதல் தனிக் கண்காட்சி 1984இல்தான் நடந்தது. அரசின் உயரிய ஹோ சி மின் விருது 1996இல் வந்தபோது மனிதர் இல்லை.

வியட்நாமில் இன்று போலிகள் மிக அதிகமாகப் புழங்கும் ஓவியர்களில் அவரும் ஒருவர். நிலைமை எவ்வளவு மோசம் என்பதற்கு ஒன்று சொல்கிறேன். 2016 ஜூலையில் ஹோ சி மின் நகர நுண்கலை அருங்காட்சியகத்தில், ஐரோப்பாவிலிருந்து திரும்பி வந்தவை என்று 17 ஓவியங்களைக் காட்சிக்கு வைத்தார்கள். நிபுணர்கள் பார்த்துவிட்டு, 15 ஓவியங்கள் சொல்லப்பட்ட ஓவியர்கள் வரைந்தவையே அல்ல, மீதி இரண்டில் கையெழுத்து போலி என்றார்கள். அருங்காட்சியகம் மன்னிப்புக் கேட்டது. நகல் தொழில் பெருத்த ஊரில் அசலுக்கு இந்தக் கதிதான் வரும். அதற்கு நம் காசும் போக வேண்டுமா?

வழிநடை_வேலு
தூரிகை, நீங்கள் சொன்னது மோசடி. கயல் கேட்டது நகல். அசல் என்று ஏமாற்றி விற்றவனின் குற்றத்தை, நகல் என்று சொல்லி விற்பவர் தலையில் கட்டுவது நியாயமில்லை.

நகல் எடுப்பது ஓவியம் கற்கும் பழைய வழி. பாரிஸ் லூவ்ர் அருங்காட்சியகத்தில் 1793 முதலே, படத்தின் முன்னால் உட்கார்ந்து நகல் வரைய அனுமதி உண்டு. மாட்ரிட் பிராடோ அருங்காட்சியகத்தில் டிஷியன் வரைந்த ஆதாம் ஏவாளும் இருக்கிறது, அதைப் பார்த்து ரூபன்ஸ் வரைந்ததும் இருக்கிறது. வான்கோவே மில்லேயின் படங்களைத் தன் வண்ணத்தில் திரும்பத் திரும்ப வரைந்தார். 1887இல் ஹிரோஷிகேயின் ஜப்பானிய அச்சுப் படங்களை எண்ணெய் வண்ணத்தில் வரைந்தார். அவற்றையெல்லாம் திருட்டு என்று சொல்வீர்களா?

ஹனோய் அருங்காட்சியகத்துக்கே வாருங்கள். அமெரிக்க விமானங்கள் குண்டு போட்ட காலத்தில் அசல்களைப் பத்திரமான இடங்களுக்கு அனுப்பிவிட்டுச் சுவரில் நகல்களை மாட்டினார்கள். அந்த நகல்களை வரைந்தவர்கள் தங்கள் நாட்டின் கலையைக் காப்பாற்றியவர்கள். அந்தத் தெருவில் இன்று தூரிகை பிடித்து உட்கார்ந்திருப்பவரும் உழைத்துத்தான் சாப்பிடுகிறார். அவரிடம் வாங்குவதில் எனக்கு ஒரு குறையும் தெரியவில்லை.

தூரிகை_நெல்லை
போர்க்கால நகல் கதையின் பின்பாதியை விட்டுவிட்டீர்கள், வேலு. போர் முடிந்த பிறகு எது அசல், எது நகல் என்று குழம்பிப்போனது. நகல்கள் அசலின் இடத்திலேயே தொங்கின என்ற புகார் அந்த அருங்காட்சியகத்தை இன்றுவரை விடவில்லை. நல்ல எண்ணத்தோடு வரைந்த நகலே இவ்வளவு சேதம் செய்திருக்கிறது.

லூவ்ரைச் சொன்னீர்கள். அங்கே என்ன விதி தெரியுமா? நகல், மூலத்தின் அளவில் இருக்கக்கூடாது; குறைந்தது ஐந்தில் ஒரு பங்கு பெரிதாகவோ சிறிதாகவோ இருக்க வேண்டும். மூல ஓவியரின் கையெழுத்தைப் போடக்கூடாது. பின்புறம் முத்திரை குத்தித்தான் வெளியே விடுவார்கள். சுற்றுலாக் கடையில் 'ஃபாய்' என்று கையெழுத்தோடு, அதே அளவில், பழுப்பேற்றிய பழைய காகிதத்தில் வரைந்து கொடுக்கிறார்கள். அது யாரை மனதில் வைத்துச் செய்தது? இன்று நீங்கள் நகல் என்று தெரிந்து வாங்குவீர்கள். முப்பது வருடம் கழித்து உங்கள் பேரப்பிள்ளை அதை அசல் என்று விற்பான். பொய் சொல்கிறோம் என்றுகூட அவனுக்குத் தெரியாது.

நிலா_மதுரை
நான் வக்கீல். வியட்நாம் சட்டத்தில் ஓவியருக்கு வாழ்நாளும் அதன்பின் 50 ஆண்டும் பதிப்புரிமை. வான்கோ இறந்தது 1890, ஆகவே எங்கும் பிரச்சினை இல்லை. ஃபாய் இறந்தது 1988. 2038 முடியும் வரை உரிமை அவருடைய வாரிசுகளுக்கு. அவர்கள் அனுமதி இல்லாமல் நகல் எடுத்து விற்பது அந்த ஊர்ச் சட்டப்படியே தவறு. கயல், உங்கள் இரண்டு ஓவியமும் ஒன்றல்ல.

வழிநடை_வேலு
சட்டம் புரிகிறது, நிலா. ஆனால் ஃபாயின் அசலை வாங்கும் நிலையில் கயலும் இல்லை, நானும் இல்லை. அசல் வாங்குகிறவர்கள் ஏலத்தில் வாங்குகிறார்கள். ஒரு நகல் விற்றதால் வாரிசுகளுக்கு என்ன நஷ்டம்? அவர் வரைந்த தெருவைத் தமிழ்நாட்டில் நாலு பேர் பார்த்து "யார் வரைந்தது?" என்று கேட்டால், அது அவருக்குப் பெருமைதானே.

தூரிகை_நெல்லை
நஷ்டம் இருக்கிறது. வாங்குகிறவர் சந்தேகப்பட ஆரம்பித்தால் உண்மையான ஃபாயையும் நம்ப மாட்டார். அதோடு, அந்த ஊரில் இப்போது உயிரோடு இருந்து சொந்தமாக வரையும் இளம் ஓவியர்கள் இருக்கிறார்கள். சுற்றுலாப் பயணியின் காசு ஃபாய் நகலுக்கும் வான்கோ நகலுக்கும் போய்விட்டால் அவர்கள் என்ன செய்வது? அறுபது வருடத்துக்கு முன் ஃபாயைக் கைவிட்ட அதே தப்பை, அவர் பெயரைச் சொல்லியே இன்றைய ஓவியருக்குச் செய்கிறோம். எனக்கு ஆறாத கோபம் இதில்தான்.

வான்கோ நகலிலும், கடைக்காரர் கைகாட்டும் ஆள்தான் வரைந்தார் என்று நம்பிவிடாதீர்கள். சீனாவில் ஷென்சென் நகரத்து டாஃபென் என்ற கிராமம் 1989 முதல் இதே தொழிலாக இருக்கிறது. ஒருவர் வானம், இன்னொருவர் மரம் என்று வரிசையில் வைத்து வரைந்து உலகம் முழுக்க அனுப்பியவர்கள் அவர்கள்.

ஈரோடு_டிராயிங்_மாஸ்டர்
சண்டைக்குள் நான் வரவில்லை. கேட்ட இரண்டாவது கேள்விக்கு ஒருவரும் பதில் சொல்லவில்லை, அதைச் சொல்கிறேன்.

முதலில் அது கையால் வரைந்ததா என்று பாருங்கள். கான்வாஸில் பிரிண்ட் போட்டு மேலே நிறமில்லாத ஜெல்லைத் தடவி, தூரிகைத் தடம் மாதிரி காட்டுவது இப்போது சகஜம். படத்தைச் சாய்த்து, பக்கவாட்டு வெளிச்சத்தில் பாருங்கள். மேடு போகும் திசையும் வண்ணம் போகும் திசையும் ஒத்துப்போகாவிட்டால் அது பிரிண்ட். போன் கேமராவில் நெருங்கிப் பார்த்தால் புள்ளிகளும் தெரியும்.

அடுத்து, எண்ணெய் வண்ணமா அக்ரிலிக்கா (தண்ணீரில் கலக்கும் வண்ணம்) என்று கேளுங்கள். வான்கோ மாதிரி தடிமனாக அப்பிய எண்ணெய் வண்ணம் உள்ளே காய மாதக்கணக்கில் ஆகும். இரண்டு நாளில் வரைந்து தருகிறேன் என்றால் பெரும்பாலும் அக்ரிலிக். அக்ரிலிக் மட்டம் என்று சொல்லவில்லை. சில மணி நேரத்தில் காயும், பயணத்துக்கு அதுதான் வசதி. எண்ணெய் என்று சொல்லி அந்த விலை வாங்கக்கூடாது, அவ்வளவுதான். ஈரம் காயாத எண்ணெய்ப் படத்தைச் சுருட்டினால் வீட்டில் பிரிக்கும்போது வண்ணம் காகிதத்தோடு உரிந்து வரும். என் மாணவி ஒருத்தி தாய்லாந்தில் வாங்கி வந்த படத்துக்கு அதுதான் நடந்தது.

சுருட்டும்போது வண்ணப் பக்கம் வெளியே இருக்கட்டும். உள்ளே வைத்துச் சுருட்டினால் வண்ணம் நசுங்கி மடிப்பு விழும். மேலே பட்டர் பேப்பர், அதற்கு மேல்தான் பிளாஸ்டிக். அகலமான குழாயாகக் கேட்டு வாங்குங்கள். மரச்சட்டத்தோடு வாங்க வேண்டாம், இங்கே அடித்துக்கொள்ளலாம். அதற்கு நாலு பக்கமும் இரண்டு அங்குலம் வெள்ளைக் கான்வாஸ் விடச் சொல்லுங்கள், பலர் இதை மறக்கிறார்கள். பில்லில் 'நகல்' என்று எழுதி வாங்குங்கள். வியட்நாமிலிருந்து பழம்பொருளை அனுமதி இல்லாமல் வெளியே கொண்டுபோக முடியாது. பழசு மாதிரி தெரியும் படத்துக்கு விமான நிலையத்தில் அந்தக் காகிதம் உதவும்.

கயல்_கோவை
எல்லோருக்கும் நன்றி. ஃபாயை விட்டுவிடுகிறேன். தீப்பெட்டியில் வரைந்த மனிதர் என்று படித்த பிறகு நகலைச் சுவரில் மாட்ட மனசு வரவில்லை. வான்கோ வேண்டும், அதில் மாற்றமில்லை. அந்த ஊர் ஞாபகமாக வேறு என்ன வாங்கலாம்?

வழிநடை_வேலு
ஃபாய் விஷயத்தில் நான் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை, ஆனால் உங்கள் முடிவு உங்களுடையது. உள்ளூர் ஓவியர்தான் வேண்டும் என்றால் தோ நொக் வான் இருக்கிறார். 1954இல் மறைந்தவர், நிலா சொன்ன கணக்குப்படி உரிமை முடிந்துவிட்டது. அவருடைய 'லில்லிப் பூக்களோடு இளம்பெண்', 1943இல் வரைந்தது, அங்கே தெரியாத ஆள் இல்லை. அது எந்த அருங்காட்சியகத்திலும் தொங்கவில்லை. மக்கள் அந்தப் படத்தை நேசிப்பதே நகல்களால்தான்.

தூரிகை_நெல்லை
கயல், நகல் இல்லாமலே ஒரு வழி இருக்கிறது. ஹனோய் பக்கத்தில் பாக் நின் மாகாணத்தில் டோங் ஹோ என்ற கிராமம். மரக்கட்டையில் செதுக்கி, சிப்பித் தூள் பூசிய மரப்பட்டைக் காகிதத்தில் அச்சிடுவார்கள். கறுப்பு மூங்கில் இலைக் கரியிலிருந்து, நீலம் அவுரியிலிருந்து. எலிக் கல்யாணம் என்று ஒரு படம் உண்டு, ஊர்வலமாகப் போகும் எலிகள் பூனைக்குக் காணிக்கை கொடுக்கும். ஒவ்வொரு பிரதியும் அசல். செதுக்கியவர் கையிலிருந்தே வாங்கலாம், குறைந்த விலைதான்.

லில்லிப் பெண்ணில் எனக்குச் சட்டப்படி ஆட்சேபம் இல்லை. ஆனால் நகல் கடைக்குள் போகும் முன் அதே தெருவில் 66ஆம் எண்ணுக்குப் போங்கள், அதுதான் அருங்காட்சியகம். தோ நொக் வானின் 'இரண்டு இளம்பெண்களும் ஒரு குழந்தையும்', திரான் வான் கானின் 'தூய் பாப்பா' இரண்டும் அங்கே இருக்கின்றன. அவற்றின் முன் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வாருங்கள். அப்புறம் கடையில் எது தேறும் என்று உங்களுக்கே தெரியும்.

கயல்_கோவை
கண்டிப்பாகப் போகிறேன். மாஸ்டர், ஒன்றே ஒன்று. 'விண்மீன் இரவு' என்ன அளவில் கேட்கட்டும்? கையெழுத்து வேண்டாம் என்று சொல்லிவிடுகிறேன்.

ஈரோடு_டிராயிங்_மாஸ்டர்
நியூயார்க்கில் இருக்கும் மூலம் 73.7 செ.மீ. உயரம், 92.1 செ.மீ. அகலம். தூரிகை சொன்ன லூவ்ர் விதிப்படி ஐந்தில் ஒரு பங்கு குறைத்தால் ஏறக்குறைய 59க்கு 74. அதையே கேளுங்கள், உங்கள் ஹாலுக்கும் அது போதும். உயரவாக்கில் ஓரத்தையும் சேர்த்தால் 69 செ.மீ. வரும். அந்த நீளக் குழாய் பெரிய சூட்கேஸுக்குள் படுத்துவிடும். பின்புறம் வரைந்தவர் பெயரையும் வருடத்தையும் அவர் கையாலேயே எழுதித் தரச் சொல்லுங்கள்.