கறுத்த அரிவாள்மனையைத் தேய்த்து வெளுக்க வேண்டாம்

கோபிசெட்டிபாளையத்திலிருந்து:

எவர்சில்வர் அல்லாத சாதாரண எஃகில் செய்த புதுக் கத்தி ஒரே வாரத்தில் கறுத்துவிட்டது, கடையில் திருப்பிக் கொடுத்துவிடலாமா என்று ஒருவர் கேட்டிருந்தார். கொடுத்துவிட வேண்டாம் என்று சொல்வதற்காகவே இதை எழுதுகிறேன். எங்கள் வீட்டு அரிவாள்மனை, பழைய லாரியின் வில்பட்டையைக் காய்ச்சி அடித்து, உள்ளூர் ஆசாரியின் பட்டறையில் செய்தது. வந்த அன்று சாணைக்கல்லின் கோடுகளோடு வெள்ளையாக மின்னியது. அதில் முதலில் அரிந்தது வாழைப்பூ. மடல்களை உரித்து, நரம்பை ஆய்ந்து, பூவை அரிந்து முடிப்பதற்குள் சாறு பட்ட இடமெல்லாம் கருநீலமாகிவிட்டது. என் தங்கை பதறிப்போய்ப் புளியும் உப்பும் எடுத்துக்கொண்டு தேய்க்க வந்தாள். "தேய்க்காத கண்ணு, அது அழுக்கில்ல, கறுக்கக் கறுக்கத்தான் துரு அண்டாது" என்று அம்மிச்சி, அதாவது அம்மாவைப் பெற்ற பாட்டி, தடுத்துவிட்டார்.

அம்மிச்சி சொன்னதற்கு வேதியியல் சாட்சி சொல்கிறது. வாழைப்பூவுக்கும் நெல்லிக்காய்க்கும் துவர்ப்பைத் தருகிற டானின், எஃகின் மேற்பரப்பிலுள்ள இரும்போடு சேர்ந்து கருநீலச் சேர்மமாகிறது. கடுக்காயோடு இரும்பைச் சேர்த்து முன்னாளில் எழுதும் மை காய்ச்சியதும் இதே வினையைக் கொண்டுதான். மாங்காய், எலுமிச்சை, தக்காளி ஆகியவற்றின் புளிப்பு சாம்பல் நிறத்தை ஏற்றும். ஆட்டுக்கறி அரிந்த பிறகு கவனித்துப் பாருங்கள், அலகின் நடுவே நீலமும் ஊதாவும் கலந்து மயில்கழுத்து நிறம் ஓடியிருக்கும். எனக்கு அதைவிட அழகான நிறம் சமையலறையில் வேறில்லை. இவையெல்லாம் எஃகோடு ஒட்டிக்கொள்ளும் மெல்லிய படலங்கள். துருவை இவை அறவே தடுத்துவிடுவதில்லை என்றாலும், அது பிடிக்கும் வேகத்தைக் குறைக்கும். செந்துரு அப்படிப்பட்டதன்று, அது உப்பிப் பொடியாக உதிர்வதோடு, ஈரத்தைத் தன்னுள் பிடித்து வைத்துக்கொண்டு உலோகத்தை மேலும் மேலும் அரித்துக்கொண்டே போகும். இரண்டையும் பிரித்தறிய, காய்ந்த அலகை வெள்ளைத் துணியால் அழுத்தித் துடைத்தால் போதும். துணியில் செம்பழுப்பு ஒட்டினால் துரு. அதை மட்டும் தேய்த்து நீக்குங்கள். ஒன்றும் ஒட்டாமல் கறுப்பு அலகிலேயே நின்றால் அதைத் தொடாதீர்கள்.

எவர்சில்வர் கத்தியோடு இதை ஒப்பிடுவதே பொருந்தாது. அதில் குறைந்தது 10.5 விழுக்காடு குரோமியம் இருப்பதால், கண்ணுக்குத் தெரியாத படலம் தானாகவே உண்டாகிவிடுகிறது. நம் கத்திக்கு அந்தப் படலத்தை நாம் அரியும் காய்கறிதான் தர வேண்டியிருக்கிறது.

சென்னிமலையிலிருந்து:

மேலே எழுதிய சகோதரி சொன்னது முற்றிலும் சரி. ஒன்றை மட்டும் சேர்க்கிறேன். புதுக் கத்தியில் சின்ன வெங்காயமோ மாங்காயோ அரிந்தால் காயும் கறுத்து, லேசாக இரும்பு வாசம் அடிக்கும். அதனால் கெடுதல் ஏதுமில்லை. படலம் முழுவதும் படிந்த பிறகு தானே குறைந்துவிடும். அதுவரை வாழைப்பூ, அரசாணிக்காய் (பரங்கிக்காய்), கறி என்று மாற்றி மாற்றி அரிந்து வந்தால் கறுப்பு சீராக ஏறும். சீக்கிரம் கறுக்கட்டும் என்று எலுமிச்சைச் சாற்றைத் தடவி இரவெல்லாம் விட்டுவைத்தால், புளிப்பு எஃகைக் குழிகுழியாக அரித்துவிடும். எங்கள் ஊருக்கு அருகே நொய்யல் கரையிலுள்ள கொடுமணலில் இரும்பும் எஃகும் உருக்கிய பழங்கால உலைகள் அகழாய்வில் வெளிப்பட்டன. அப்படிப்பட்ட சீமையில், கறுத்த கத்தியை அழுக்கென்று ஒதுக்குவதைக் கேட்க எனக்கு வருத்தமாகவே இருக்கிறது.

காங்கேயத்திலிருந்து:

அலகை எல்லோரும் துடைக்கிறார்கள், அலகு மரத்துக்குள் இறங்கும் இடத்தை யாரும் பார்ப்பதில்லை. தண்ணீர் அங்கேதான் தங்கும், செந்துருவும் அங்கேதான் தொடங்கும். கழுவியதும் அந்த இடுக்கை நன்றாகத் துடைத்து, சிறிது நேரம் வெயில் காட்டி, இரண்டு சொட்டுத் தேங்காய் எண்ணெய் விடுங்கள்.